ஐ5 என்றால் எந்த ஐ5?

கேள்வி: என் மகள் பி.காம். முதலாண்டில் சேர்ந்திருக்கிறாள். டேலியும் எக்செல்லும் பழக மடிக்கணினி தேவைப்படுகிறது. எங்கள் ஊர்க் கடையில் பழையவை இரண்டைக் காட்டினார்கள். ஒன்று புதியது போலவே பளபளக்கிறது: ஐ5-6300யு, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விலை 17,500 ரூபாய். பேட்டரி ஒன்றேகால் மணி நேரம்தான் நிற்கிறது. 3,500 ரூபாய் கொடுத்தால் புதியது போட்டுத் தருவார்களாம். மற்றொன்று ஐ5-8350யு, ராமும் எஸ்எஸ்டியும் அதே அளவு, பேட்டரி நான்கு மணி நேரம் வரும் என்கிறார்கள், ஆனால் மூடியில் கீறல்களும் ஓரத்தில் ஒரு நெளிவும் இருக்கின்றன, விலை 21,500. இரண்டும் ஐ5 தானே, பார்க்க நன்றாக இருப்பதையே வாங்கலாம் என்கிறார் என் கணவர். புதியது வாங்கினால் 38,000 ஆகிறது. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: கீறல் விழுந்ததை வாங்குங்கள், அதுவும் கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் மட்டும்.

உங்கள் கணவரைப் போலப் பலரும் ‘ஐ5’ என்ற ஒட்டுச்சீட்டைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். அது செயலியின் (கணினியின் மூளையான பிராசசரின்) தரவரிசையைக் காட்டுமே தவிர வயதைக் காட்டாது. வயதைக் காட்டுவது அதன் பின்னால் வரும் எண்தான்: 6300யு ஆறாம் தலைமுறை, 8350யு எட்டாம் தலைமுறை. ஆறாம் தலைமுறை 2015இலும் எட்டாம் தலைமுறை 2017இலும் வெளிவரத் தொடங்கின. இரண்டே ஆண்டு வித்தியாசம்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்த இடைவெளியில்தான் மெல்லிய மடிக்கணினிகளுக்கான ஐ5 செயலிகளில் கோர்களின், அதாவது செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின், எண்ணிக்கை இரண்டிலிருந்து நான்காக உயர்ந்தது.

அதைவிடப் பெரிய காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு அது ஏற்கும் இன்டெல் செயலிகளோ, ஓரிரு விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. “விண்டோஸ் 11 போட்டே தருகிறோம்” என்று கடைக்காரர் சொல்லக்கூடும். தடையைத் தாண்டி நிறுவ வழி இருப்பதால் அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

இனிக் கணக்கைப் பாருங்கள். பளபளப்பானது பேட்டரியோடு சேர்த்து 21,000 ரூபாய். அது இன்னும் இரண்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 10,500 ஆகிறது. 38,000 ரூபாய்க்கு வாங்கும் புதியது ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 7,600 தான். ஆகவே மலிவாகத் தோன்றுவதே மூன்றிலும் விலை கூடியது. எட்டாம் தலைமுறைக் கணினி நான்கு ஆண்டு வந்தால் ஆண்டுக்கு 5,375. மூன்றே ஆண்டு வந்தாலும் ஏறத்தாழ 7,170. இந்த ஆண்டுகள் என் மதிப்பீடுதான். ஆனாலும் கடைக்காரர் சொல்லும் மொத்த விலையை விட, மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்து வரும் தொகையே உங்களுக்கு உதவும்.

சோதனைகளில் முதலாவது பேட்டரி. நான்கு மணி நேரம் என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தில் ‘பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் (powercfg /batteryreport) தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

பலரும் செய்யாமல் விடுவது அடுத்த சோதனை. இத்தகைய மடிக்கணினிகளில் பல, நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்துத் திரும்பப் பெற்றவை. நிறுவனத்தின் பதிவிலிருந்து முறையாக நீக்கப்படாத கணினியை என்றைக்காவது ரீசெட் செய்தால் (எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தால்), தொடக்கத்திலேயே அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டு அது நின்றுவிடும். எனவே கடையிலேயே, உங்கள் கண்முன் ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முகப்புத்திரை வரும்வரை காத்திருங்கள். அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கணினியைத் தொடங்கும்போது, விண்டோஸ் வருவதற்கு முன் இயங்கும் அடிப்படை அமைப்புப் பகுதியான பயாஸுக்குள் நுழைந்து, கடவுச்சொல் கேட்கிறதா என்றும் பாருங்கள். லெனோவோ திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 விசையை அழுத்த வேண்டும்.

விசைப்பலகை, யுஎஸ்பி துளைகள், கேமரா, மைக் ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். நெளிவு கீலுக்கு அருகில் இருக்கிறதென்றால் மட்டும் மூடியைப் பலமுறை திறந்து மூடி, திரை மினுங்குகிறதா என்று கவனியுங்கள். மற்றக் கீறல்கள் விலையைக் குறைக்கப் பயன்படும், அவ்வளவே.

ரசீதில் கணினியின் வரிசை எண்ணும் கடை தரும் வாரன்டிக் காலமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது, நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். ரசீது தர மறுக்கும் கடையில் எட்டாம் தலைமுறையே ஆனாலும் வாங்காதீர்கள். அந்த நிலையில் 38,000 ரூபாய்க்குப் புதியதை வாங்குவதையே நான் சொல்வேன்.