ஒரு கிலோ உலையில் ஒரு கிலோ வெள்ளி கொள்ளுமா?

கேள்வி: சேலத்தில் வீட்டை ஒட்டிய சிறு பட்டறையில் கொலுசு செய்து வருகிறோம். இதுவரை கரி அடுப்பில்தான் வெள்ளியை உருக்கினோம்; இப்போது மின் உலை வாங்க எண்ணியுள்ளோம். கடையில் ‘ஒரு கிலோ உலை’ என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அதில் ஒரு முறைக்கு ஒரு கிலோ வெள்ளியை உருக்க முடியுமா? வீட்டு மின்இணைப்பு தாங்குமா?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் இவ்வகை உலைகளில் சொல்லப்படும் கிலோ பெரும்பாலும் தங்கத்தின் கிலோ என்பதை அவரே அறியாமல் இருக்கலாம். உலோகத்தை இட்டு உருக்கும் கலமான மூசை எடையை அறியாது, இடத்தை மட்டுமே அறியும். உருகிய தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 17.3 கிராமும், உருகிய வெள்ளி 9.3 கிராமும் இருப்பதால், ஒரு கிலோ தங்கம் நிறைக்கும் மூசையை அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலான வெள்ளி நிறைத்துவிடும். விளிம்புவரை நிறைந்த மூசையைக் குறட்டால் பிடித்து ஊற்ற முடியாது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், உங்களுக்குக் கிடைப்பது நானூறு கிராம்தான். ஆகவே மூன்று கிலோ என்று குறிக்கப்பட்ட உலையைக் கேளுங்கள். ஐயம் இருந்தால் மூசையில் உலர்ந்த நொய்யரிசியை நிரப்பி, அதை அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள்; வரும் மில்லிலிட்டரை 9.3 ஆல் பெருக்கினால், விளிம்புவரை கொள்ளும் வெள்ளி கிராமில் கிடைக்கும். தண்ணீர் ஊற்றி அளக்க வேண்டாம். கிராஃபைட் மூசை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

மின்இணைப்பைப் பொறுத்தவரை, 2,000 வாட் உலை 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் உள்ள 6 ஆம்பியர் பிளக்கில் இதை மாட்டக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியும் உதவாது. மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ வெள்ளியை அறை வெப்பத்திலிருந்து ஏற்றி முழுவதும் உருக்க, அந்த உலோகத்துக்கு மட்டும் தேவைப்படுவது ஏறக்குறைய ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. மீட்டரில் ஓடும் மிச்சமெல்லாம் உலையின் சுவரைச் சூடேற்றுவதற்கும் வெளியே கசிவதற்கும் போகிறது. எனவே நாளுக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாக உருக்குவதைவிட, துண்டுகளையும் அரத்தூளையும் சேர்த்துவைத்து ஒரே நாளில் அடுத்தடுத்து உருக்குவதே சிக்கனம்.

வெள்ளி உருகுவது 962 டிகிரி செல்சியஸில்; உலையை 1,050க்கு வைத்தால் போதும். திரையில் தெரியும் எண் உலையின் உள்ளே வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் இருக்கும் இடத்தின் வெப்பமேயன்றி மூசைக்குள் இருக்கும் வெள்ளியின் வெப்பம் அன்று. எண் வந்தவுடன் ஊற்ற முனையாமல், சில நிமிடம் பொறுத்து, கிராஃபைட் கோலால் கிளறி, கட்டி ஏதும் தட்டுப்படவில்லை என்று தெரிந்தபின் ஊற்றுங்கள். கிளறும் முன் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும், ஏனெனில் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். கோல் தவறி உலையைச் சூடேற்றும் கம்பிச்சுருளில் பட்டால் மின்சாரம் உங்கள் கைக்கே வந்து சேரும்.

கேள்வி: கரி அடுப்பை விட்டு மின் உலைக்கு மாறிய பிறகு, வார்த்த வெள்ளிக் கட்டியின் மேல்பரப்பு கொப்புளித்துத் தெறிக்கிறது, தகடு இழுக்கும்போது செதிள் எழும்புகிறது. உலை பழுதா?

பதில்: உலையில் பழுதில்லை, நீங்கள் இழந்தது கரியின் காவலை. உருகிய வெள்ளி தன் கன அளவைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு ஆக்சிஜனைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டு, உறையும் தறுவாயில் அதை வெளியே கக்கும். நம் முன்னோர் ஊதிய அடுப்பில் எரியும் கரியே பெரும்பாலான ஆக்சிஜனைத் தின்றுவிட்டதால் இந்தத் தொல்லை அவ்வளவாக வெளிப்படவில்லை. மின் உலைக்குள் இருப்பதோ வெறும் காற்று. களிமண் மூசையை விடுத்துக் கிராஃபைட் மூசைக்கு மாறுங்கள். வெள்ளி உருகத் தொடங்கியதும் நன்கு உலர்ந்த மரக்கரித் துண்டுகளை மேலே பரப்பி மூடியிடுங்கள். தேவைக்கு மேல் சூடேற்றாதீர்கள். அழுக்கைப் பிரிக்கப் போடும் வெங்காரம் (போராக்ஸ்) ஒரு சிட்டிகை போதும், அள்ளிப் போட்டால் பொங்கி வழிந்து கம்பிச்சுருளை அரித்துவிடும். இரும்பு அச்சையும் முன்கூட்டியே கை வைக்க முடியாத அளவு சூடாக்கிவிடுங்கள். குளிர்ந்த அச்சில் படிந்திருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் வீசிவிடும்.

பழைய கொலுசுகளை உருக்குவதானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொடிவைத்துப் பற்றிய, அதாவது எளிதில் உருகும் கலவை உலோகத்தால் ஒட்டிய, இடங்களில் காட்மியம் இருக்கக்கூடும். அது 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு அது. துணியை மூக்கில் கட்டிக்கொள்வதால் பயனில்லை. புகையை வெளியே இழுக்கும் விசிறியும் குழாயும் இல்லாத அறையில், குறிப்பாகப் பிள்ளைகள் உறங்கும் வீட்டுக்குள், பழைய வெள்ளியை உருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அதே உலையில் பித்தளையும் உருக்கலாமா?

பதில்: வெப்பம் போதும், ஆனால் பித்தளையிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதிப்பதால் வெண்புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரலாம். அவசியமானால் காற்றோட்டமான இடத்தில், மூடியிட்டு, விரைவாக முடியுங்கள். வெள்ளிக்கு ஒரு மூசை, பித்தளைக்கு ஒரு மூசை என்று தனித்தனியே வைத்து, அடையாளத்தை வெளிப்புறத்தில் ஆணியால் ஆழமாகக் கீறிவிடுங்கள். மையால் எழுதினால் முதல் சூட்டிலேயே போய்விடும்.