ஆல்ஃபா 0.89 சொல்வதும் சொல்லாததும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை ஆய்வுக்காகத் தேர்வு பயம் பற்றி 20 கேள்விகள் தயாரித்து 200 மாணவர்களிடம் கொடுத்தேன். மென்பொருளில் போட்டால், மதிப்பெண்ணின் நம்பகத்தன்மையைக் காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.89 வருகிறது. 0.7 தாண்டினாலே போதும் என்கிறார்கள். என் கேள்விகள் ஒரே பண்பைத்தான் அளக்கின்றன என்று எழுதிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

எழுத வேண்டாம். 0.89 நல்ல எண்தான், ஆனால் நீங்கள் கேட்பதற்கு அது பதில் அல்ல.

லீ க்ரோன்பாக் 1951இல் விளக்கிய இந்த அளவு, முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: கேள்விகளுக்கிடையே உள்ள சராசரி ஒட்டுறவு (இரண்டு கேள்விகளின் பதில்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது), கேள்விகளின் எண்ணிக்கை. சராசரி 0.3 என்றால் 5 கேள்விக்கு ஆல்ஃபா 0.68. அதே 0.3தான், கேள்வியை மட்டும் 20 ஆக்குங்கள், 0.90 ஆகிவிடும்.

இன்னொரு கணக்கையும் தாளில் போட்டுப் பாருங்கள். 10 கேள்விகள் பயத்தைப் பற்றியவை, 10 நகைச்சுவை உணர்வைப் பற்றியவை. அந்தந்தப் பத்துக்குள் ஒட்டுறவு 0.6, இரண்டுக்கும் நடுவே பூஜ்யம். எல்லாக் கேள்விகளிலும் பதில்கள் ஒரே அளவு சிதறியிருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 190 ஜோடிகள், அதில் 90க்கு மட்டும் 0.6. சராசரி 0.28. ஆல்ஃபா? 0.89. உங்கள் எண்ணேதான்!

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், அந்த மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு மாணவரை ‘பயம் அதிகம்’ என்று சொல்லப்போகிறோம். நடுங்குகிறவரும் நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவரும் ஒரே மதிப்பெண் வாங்கினால் அந்த எண்ணுக்கு என்ன பொருள்?

சரி, என்ன செய்யலாம்? காரணிப் பகுப்பாய்வு செய்யுங்கள்; கேள்விகளுக்குப் பின்னால் எத்தனை தனித்தனிப் பண்புகள் (காரணிகள்) இருக்கின்றன என்று பார்க்கும் முறை அது. ஒரு காரணி பதில்களின் சிதறலில் எவ்வளவை விளக்குகிறது என்பதைச் சொல்லும் எண் ஐகன் மதிப்பு. எத்தனை காரணி என்பதை ‘ஐகன் மதிப்பு 1க்கு மேல்’ என்ற விதியிடம் விடாதீர்கள். 200 பேர், 20 கேள்வி அளவில் வெறும் தற்போக்கு எண்களை நிரப்பினால்கூட, ஏறக்குறைய பாதி ஐகன் மதிப்புகள் 1ஐத் தாண்டும். ஜான் ஹார்ன் 1965இல் சொன்ன இணைப் பகுப்பாய்வு இதைத்தான் பயன்படுத்துகிறது: அப்படிப்பட்ட போலித் தரவைச் சில நூறு முறை உருவாக்கி, அதைவிட உங்கள் தரவில் பெரிதாக நிற்கும் காரணிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பதில்கள் நாலைந்து படிகளில் இருந்தால் வழக்கமான ஒட்டுறவுக்குப் பதில், அப்படிப்பட்ட படிநிலைப் பதில்களுக்கென்றே உள்ள பாலிகோரிக் ஒட்டுறவைப் போடுங்கள்.

ஆல்ஃபா ஏறட்டும் என்று மட்டும் கேள்விகளை நீக்காதீர்கள். ஐகன் மதிப்புகள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.