‘ஏ மைனஸ்’ ரேட்டிங் இருக்கிறதே, 6 லட்சத்தைப் போடலாமா?

கேள்வி: மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவன். வயது 62, மதுரை திருநகரில் குடியிருக்கிறேன். வங்கி டெபாசிட் 6 லட்சம் முதிர்ந்துவிட்டது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் ஒரு பைனான்ஸ் கம்பெனியின் கடன் பத்திரத்தைச் சொல்கிறார். 3 வருடம், 11.5 சதவீதம், மாதா மாதம் வட்டி. “ஏ மைனஸ் ரேட்டிங், செக்யூர்டு, செபி அப்ரூவல், எல்லாம் இருக்கு சார்” என்கிறார். போடலாமா?

பதில்: முழுப் பணத்தையும் போடாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். 11.5 சதவீதத்தில் வருடத்துக்கு 69,000 ரூபாய் வரும். தபால் அலுவலக மூத்த குடிமக்கள் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்ந்தது. அதில் 49,200 ரூபாய். வித்தியாசம் மாதம் 1,650 ரூபாய், அதுவும் வரிக்கு முன்னால். இதற்காகத்தான் ஆறு லட்சம் அசலைப் பணயம் வைக்கச் சொல்கிறார்.

தெற்காவணி மூல வீதியில் வாங்கிய நகையின் 916 முத்திரை பத்து வருடம் கழித்தும் அதே 916தான். ரேட்டிங் (கடனைத் திருப்பித் தரும் திறனுக்கு ஏஜென்சி தரும் மதிப்பெண்) அப்படி நிற்காது. ஐஎல்&எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனத்துக்கு 2018 ஆகஸ்ட் வரை உச்சத் தரமான ‘ஏஏஏ’ இருந்தது; செப்டம்பரில் ‘டி’, அதாவது கடன் தவறியது. ‘ஏ மைனஸ்’ மேலிருந்து ஏழாவது படி. இன்னும் மூன்று படி இறங்கினால் ‘பிபிபி மைனஸ்’, முதலீட்டுத் தரத்தின் கடைசி வாசல். போதாததற்கு, ரேட்டிங் ஏஜென்சிக்குக் கட்டணம் கொடுப்பதே கடன் வாங்கும் கம்பெனிதான்.

அதனால் எழுத்தை விட்டுவிட்டு, அதற்கான விளக்க அறிக்கையைப் படியுங்கள். கிரிசில், இக்ரா, கேர் போன்ற ஏஜென்சிகளின் தளங்களில் இலவசமாகவே கிடைக்கும். தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழசா? ‘அவுட்லுக் நெகட்டிவ்’ (ரேட்டிங் இறங்கலாம் என்ற எச்சரிக்கை) என்று இருக்கிறதா? ‘லிக்விடிட்டி’ பத்தியில் கையிருப்புப் பணமும், அடுத்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய தவணைகளும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியில் உள்ள அட்டவணையில் முந்தைய மூன்று வருட ரேட்டிங் தெரியும். ‘இஷ்யூயர் நாட் கோஆபரேட்டிங்’ என்ற வார்த்தை கண்ணில் பட்டால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்: ஏஜென்சி கேட்ட தகவலைக் கம்பெனி தரவில்லை என்று அர்த்தம். வேறு ஏஜென்சி குறைவாக மதிப்பிட்டிருக்கிறதா என்றும் தேடுங்கள். ஏஜென்ட் அதிகமானதை மட்டும்தான் சொல்வார்.

‘செக்யூர்டு’ (கடனுக்கு அடமானம் உண்டு) என்றதும் நிலம், கட்டிடம் என்று நினைத்துவிடாதீர்கள். பைனான்ஸ் கம்பெனிக்கு அது பெரும்பாலும் அதனிடம் கடன் வாங்கியவர்களிடமிருந்து வசூலாக வேண்டிய பாக்கிதான். கம்பெனி தடுமாறும்போது அந்த வசூலும் சேர்ந்தே தடுமாறும்.

‘செபி அப்ரூவல்’ விஷயம் இன்னும் வேடிக்கை. இந்தப் பத்திரத்தை பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி பரிந்துரைக்கவில்லை, அங்கீகரிக்கவும் இல்லை என்று வெளியீட்டு ஆவணத்திலேயே அச்சடித்திருக்கும். தகவலைச் சொல்ல வைப்பதுதான் செபியின் வேலை. அசலுக்கு ஜாமீன் நிற்பதல்ல. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் காப்பீடு இதற்குக் கிடையாது.

ஏஜென்டிடம் எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட ஐஎஸ்ஐஎன் எண்ணைக் (பத்திரத்தின் தனி அடையாளக் குறியீடு) கேளுங்கள். தராமல் இழுத்தடித்தாலோ, “கம்பெனி கிளையிலேயே சான்றிதழ் தருவாங்க” என்றாலோ, அது பங்குச் சந்தையில் பட்டியலிடாத பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். பொது வெளியீடு இல்லாத பத்திரத்தை ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பொதுமக்களிடம் நீட்டக் கூடாது. கிளைக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விற்றால் அந்த வரம்பு என்ன ஆகும் என்று யோசியுங்கள். எண் கிடைத்தால் என்எஸ்டிஎல் (மின்னணுப் பத்திரங்களின் பதிவகம்) அல்லது பிஎஸ்இ (மும்பை பங்குச் சந்தை) தளத்தில் போட்டுப் பாருங்கள்: வட்டித் தேதி, முதிர்வு, டிரஸ்டி (முதலீட்டாளர் சார்பில் கண்காணிப்பவர்) பெயர் எல்லாம் வரும். பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதையும் பார்க்கலாம். மாதக்கணக்கில் வியாபாரமே இல்லையென்றால், அவசரத்துக்கு விற்கப் போகும்போது விலையைக் குறைத்துத்தான் தள்ள முடியும்.

என் கணிப்பில் 5 லட்சத்தைத் தபால் அலுவலகத்தில் போடுங்கள். சேரும் நாளின் வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைக்கு வரும். ஆசை விடவில்லை என்றால் மீதி 1 லட்சத்தை மட்டும், ‘ஏஏ’ அல்லது அதற்கு மேல் உள்ள இரண்டு கம்பெனிகளின் பட்டியலிட்ட பத்திரங்களில் பிரித்துப் போடலாம். வட்டி குறையும், பரவாயில்லை. பத்திரம் உங்கள் டீமேட் கணக்குக்கு (பத்திரங்களை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு) வர வேண்டும். ஏஜென்டின் கணக்குக்கோ அவருடைய ஜிபே எண்ணுக்கோ ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வட்டி குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (வட்டி தரும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்த வட்டியைச் சேர்த்துக் காட்ட மறக்க வேண்டாம்.