ட்ராக்காக எண்ணாதீர்கள், அடுக்குகளாக எண்ணுங்கள்

கேள்வி: சில வருடங்களாக ஏபிள்டன் என்ற இசை மென்பொருளில் எலக்ட்ரானிக் இசை செய்து, நான்கைந்து நிமிட ட்ராக்குகளாக இணையத்தில் வெளியிடுகிறேன். அதைக் கேட்ட ஒரு சிறிய கேம் குழு 20 நிமிட இசை கேட்கிறது. இருக்கும் ட்ராக்குகளையே வெட்டிக் கொடுக்கலாமா? பேமென்ட், உரிமை பற்றி எப்படிப் பேசுவது? இதிலிருந்து சினிமாவுக்கு வழி உண்டா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வெட்டிக் கொடுக்க வேண்டாம். உங்கள் ட்ராக் எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். கேமில் அதை முடிவு செய்வது ஆடுகிறவர். ஒரு குகையை ஒருவர் பத்து விநாடியில் கடந்து ஓடுவார். இன்னொருவர் வழி தெரியாமல் கால்மணி நேரம் சுற்றுவார். இரண்டு பேருக்கும் அதே இசை பொருந்த வேண்டும்.

அதனால் இசையை அடுக்குகளாக, அதாவது சேர்ந்தும் தனித்தும் ஒலிக்கக்கூடிய பகுதிகளாகப் பிரித்துக் கொடுங்கள். ஓர் இடத்துக்கு நான்கு அடுக்கு போதும்: பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி), ஆர்ப்பெஜியோ (ஒரு கார்டின் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக), டிரம்ஸ், லீட் (முன்னணி மெட்டு). நான்குக்கும் ஒரே டெம்போ, ஒரே சுருதி, ஒரே நீளம். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்), 4/4 (பாருக்கு நான்கு பீட்) என்றால் ஒரு பார் சரியாக 2 விநாடி. 32 பார் 64 விநாடி. எதிரி நெருங்கும்போது டிரம்ஸ் மேலே வரும், அவன் போனதும் அடங்கும். நான்கு அடுக்கில் 15 சேர்க்கைகள் உண்டு. ஒவ்வொன்றாக ம்யூட் செய்து பதினைந்தையும் கேளுங்கள். லீட் மட்டும் தனியே ஒலிக்கும்போது அந்தரத்தில் தொங்கினால் அதைத் திரும்ப எழுதுங்கள்.

எலக்ட்ரானிக் இசைக்காரர்களின் கைப்பழக்கங்கள் காலை வாருவது இங்கேதான். பேஸை கிக்கோடு சைட்செயின் செய்திருப்பீர்கள், அதாவது கிக் டிரம் அடிக்கும்போதெல்லாம் பேஸ் தானே தணியும்படி வைத்திருப்பீர்கள். டிரம்ஸ் அடுக்கு அடங்கியிருக்கும்போதும் பேஸ் காரணமில்லாமல் அமுங்கி அமுங்கி எழும். சைட்செயினை எடுத்துவிடுங்கள், அந்த அசைவு வேண்டுமானால் டெம்போவோடு பூட்டிய வால்யூம் அசைவாக வரைந்துகொள்ளுங்கள். எல்லாம் கலந்து வெளியேறும் மாஸ்டர் சேனலில் லிமிட்டர் (ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் அமுக்குவது) இருந்தால் அடுக்குகளைத் தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்து மறுபடி சேர்க்கும்போது பழைய மிக்ஸ் திரும்பக் கிடைக்காது. அதையும் அணைத்துவிட்டு, எல்லாம் சேர்ந்து ஒலிக்கையில் உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கள்.

லூப் (முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும் இசைத்துண்டு) இணையும் இடத்தில் 'டக்' என்று கேட்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, ரிவெர்ப், டிலேயின் வால், அதாவது சுரம் நின்ற பிறகும் நீளும் எதிரொலி, அறுந்துபோவது. அதே 32 பாரை இரண்டு முறை தொடர்ந்து ஓடவிட்டு, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுத்தால் முதல் சுற்றின் வால் அதன் தொடக்கத்திலேயே கலந்திருக்கும். ஆனால் கேமில் அந்த இசை முதன்முதலாக ஒலிக்கும்போதும் அந்த வால் கேட்குமே என்றால், கேட்கும்தான். அது உறுத்துகிற இடங்களில் வாலைத் தனி ஃபைலாகக் கொடுங்கள்.

இரண்டாவது, சிந்த்தில் (சிந்தசைசரில்) தன் போக்கில் ஓடும் எல்எஃப்ஓ, அதாவது ஃபில்டர் போன்றவற்றை மெதுவாக ஏற்றி இறக்கும் அலை. 32 பார் முடிவில் ஃபில்டர் ஓர் இடத்தில் நிற்கும், தொடக்கத்தில் வேறொரு இடத்தில் இருக்கும். எல்எஃப்ஓவை டெம்போவோடு பூட்டி, 1, 2, 4, 8 என்று 32ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் பார் எண்ணிக்கையில் சுற்ற வையுங்கள். அனலாக் சிந்த் என்றால் அது முடியாமல் போகலாம்; அப்போது முனையில் ஒன்றைக் குறைத்துக்கொண்டே மற்றதை ஏற்றும் கிராஸ்ஃபேட்தான் கைகொடுக்கும். மூன்றாவது, எம்பி3. அந்த வடிவமே ஃபைலின் முன்னும் பின்னும் சிறிது மௌனத்தைச் சேர்த்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாகவே அனுப்புங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 17 எம்பி வரும்; சுருக்கும் வேலையை அவர்கள் செய்துகொள்வார்கள்.

கேம் போனுக்கானது என்றால் இன்னொன்று: போன் ஸ்பீக்கரில் 60 ஹெர்ட்ஸ் பேஸ் கேட்கவே கேட்காது. சாச்சுரேஷன் (லேசான சிதைவு) கொடுத்து மேல் ஹார்மானிக்ஸை (அதே சுரத்தின் உயர் அதிர்வுகளை) எழுப்புங்கள்.

கேமுக்குள் இசையை இயக்கும் மென்பொருள்களான எஃப்மோட், வைஸ் இரண்டையும் கற்றுக்கொள்ள இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒன்று போதும். 'ஆபத்து' என்று ஒரு பாராமீட்டர் வைத்து, அதை இழுக்க இழுக்க உங்கள் அடுக்குகள் கூடுவதையும் குறைவதையும் ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வையுங்கள். வாய்ப்புக் கேட்டுப் போகும்போது பத்து முழு ட்ராக்குகளைவிட அந்த ஒரு வீடியோ பலமாகப் பேசும்.

பேமென்ட்டை 'முடிந்த நிமிடம்' கணக்கில், அதாவது முடித்துக் கொடுக்கும் இசையின் நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அடுக்குகளைச் சேர்த்து எண்ணுவதா, எத்தனை சுற்றுத் திருத்தம் இலவசம் என்பதை எழுத்தில் வையுங்கள். இரண்டு சுற்று நியாயம். முன்பணம் கைக்கு வராமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுத்தான் மாற்றிக்கொடுக்க முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். முழு உரிமையையும் நிரந்தரமாகக் கேட்டால் விலையை உயர்த்துங்கள். எங்களைக் கேட்டால், கேமிலும் அதன் விளம்பரத்திலும் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆல்பமாக வெளியிடும் உரிமையை நீங்கள் வைத்துக்கொள்வதே நல்லது. மைன்கிராஃப்ட்டுக்கு இசையமைத்த சி418 உரிமையைத் தன்னிடமே வைத்திருந்ததால்தான் 2011இல் அந்த இசையைத் தன் ஆல்பமாக வெளியிட முடிந்தது.

ஆல்பத்தை வெளியிடும்போது அதைத் தளங்களில் ஏற்றும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் யூடியூப் கன்டென்ட் ஐடியை (வீடியோக்களில் உங்கள் இசையைத் தானே அடையாளம் காணும் வசதியை) அணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கேமை ஆடி வீடியோ போடுகிறவர்களுக்கெல்லாம் உங்கள் பெயரில் காப்பிரைட் கிளெய்ம் போகும். குழு உங்கள் மேல் பாயும். பிறர் தயாரித்துத் தரும் சாம்பிள் பேக் லூப்புகளை அப்படியே போட்டிருந்தால், இசை முழுக்க எனக்கே சொந்தம் என்று கையெழுத்திடவும் முடியாது.

சினிமாவுக்கு வழி உண்டு. 2012இல் வெளிவந்த ஃபெஸ் கேமின் இசையைக் கேட்டுத்தான், 2014இல் வந்த இட் ஃபாலோஸ் படத்துக்கு அதன் இயக்குநர் ஃபெஸ்ஸுக்கு இசையமைத்த டிசாஸ்டர்பீஸை அழைத்தார். படத்தில் இடம்பெறும் இசைக்கு, தியேட்டரில் படம் ஓடுவது தவிர்த்த பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் உரிமையை வாங்கியவரோடு சம பங்கு உங்களுடையது. 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதை விட்டுக்கொடுப்பதாக நீங்களே எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. அதை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள்.

சினிமாவில் வேலை மட்டும் தலைகீழ்: இங்கே நேரம் அசையாது. 120 பிபிஎம்மில் தொடங்கிய இசையில், 47.5ஆவது விநாடியில் கதவு திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 24ஆவது பாரின் கடைசி பீட்டில் விழும். டெம்போவை 121.26 ஆக்கினால் 25ஆவது பாரின் முதல் பீட்டில் வந்து விழும். வித்தியாசம் காதுக்குத் தெரியாது. 'எடிட் முடிந்துவிட்டது' என்று சொன்ன பிறகும் 14 ஃப்ரேமை வெட்டுவார்கள். 24 ஃப்ரேம் கணக்கில் அது 0.58 விநாடி. முழு மிக்ஸாகக் கொடுத்திருந்தால் தாளம் அந்த இடத்தில் இடறும். அடுக்குகளாகக் கொடுத்திருந்தால், பேடை ஓடவிட்டு டிரம்ஸை மட்டும் நகர்த்திச் சரிசெய்துவிடலாம்.