'பிரையர்' என்பது எந்தச் செடி? புகைக்குழாய்க்கும் ஏன் அதே பெயர்?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. பிரையர் என்று ஆங்கிலத்தில் எந்த முட்செடியைச் சொல்கிறார்கள்? பைப் பிடிப்பவர்கள் 'பிரையர் பைப்' என்கிறார்களே, அதுவும் அந்தச் செடியில் செய்ததுதானா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. மொழிபெயர்ப்பு என் தொழில். பல வருடங்களுக்கு முன் ஒரு துப்பறியும் கதையில் இந்தச் சொல் வந்தபோது 'முட்செடியின் வேரில் கடைந்த புகைக்குழாய்' என்று எழுதிவிட்டேன். அகராதியில் பிரையர் என்றால் முட்செடி என்றுதான் இருந்தது. புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது. இன்றும் அந்த வரி என்னை உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முட்செடியைக் குறிக்கும் பிரையர் மிகப் பழைய ஆங்கிலச் சொல். ஆயிரம் வருடங்களுக்கு முன் 'ப்ரேர்' என்று இருந்தது. இடைக்கால ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். பிறகுதான் பிரையர் ஆனது. பிரெஞ்சிலிருந்து வந்த 'ஃப்ரேர்' ஆங்கிலத்தில் 'ஃப்ரையர்' (துறவி) ஆனதும் இதே மாதிரியான மாற்றம்தான். ப்ரேருக்கு முந்திய வேர் எது என்பதற்கு மட்டும் சொல்லாராய்ச்சியில் விடை இல்லை.

இது ஒரே ஒரு செடியின் பெயரும் அல்ல. பெரும்பாலும் காட்டு ரோஜாவைச் சொல்வார்கள். அதில் 'ஸ்வீட் பிரையர்' என்ற வகையின் இலையை லேசாகக் கசக்கினால் ஆப்பிள் வாசனை வரும். மழை பெய்து ஓய்ந்தால் கசக்காமலே மணக்கும். 'டாக் ரோஸ்' இன்னொன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்கு ஆரஞ்சு வரத்து குறைந்ததால், வைட்டமின் சி-க்காக வேலியோரத்துக் காட்டு ரோஜாக்களின் சிவப்புக் காய்களை மக்களைக் கொண்டு பறிக்கவைத்து சிரப் காய்ச்சினார்கள். அமெரிக்காவிலோ 'கிரீன் பிரையர்' என்பது ரோஜாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முட்கொடி. கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட தூங்கும் இளவரசி கதைக்கு ஜெர்மனில் 'டோர்ன்ரோஸ்ஹென்' என்று பெயர், அதாவது முள் ரோஜாக் குட்டி. ஆங்கிலத்தில் அவள் 'பிரையர் ரோஸ்' ஆனாள். மிகப் பொருத்தமான மொழிபெயர்ப்பு என்பேன்.

சரி, இப்போது புகைக்குழாய்க்கு வருவோம். அந்தக் கட்டை 'எரிகா அர்போரியா' என்ற புதர்மரத்திலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடலைச் சுற்றி, கோர்சிகா, தெற்கு இத்தாலி, அல்ஜீரியா பக்கமெல்லாம் வளர்வது. ஊசி மாதிரி மெல்லிய இலை, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. முள் ஒன்றுகூடக் கிடையாது! தண்டும் வேரும் சேருமிடத்தில் மண்ணுக்குள் முண்டு முண்டாகப் பருத்திருக்கும். காட்டுத்தீயில் மேலே எல்லாம் எரிந்துபோனாலும் அந்த முண்டிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். புகைக்குழாய் கடைவது அந்த முண்டைத்தான். கட்டை இறுகலானது, உள்ளே புகையிலை கனன்றாலும் எளிதில் பற்றாது. தோண்டி எடுத்து, துண்டு போட்டு, மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகுதான் கடைசலுக்குப் போகும். பிரான்சில் ஜூரா மலைப்பகுதியில் உள்ள சான் க்ளோத் என்ற ஊரில் மரக் கடைசல்காரர்கள் ஏற்கெனவே நிறைய இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கட்டை அவர்கள் கைக்கு வந்தது. ஊரே அந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்றுவிட்டது.

பிரெஞ்சில் அந்தச் செடிக்குப் பெயர் 'ப்ருயேர்'. பண்டைய பிரான்சில் பேசிய 'கால்' (Gaulish) என்ற கெல்டிக் மொழியிலிருந்து வந்த சொல் அது. வெல்ஷ் மொழியில் 'க்ரூக்', ஐரிஷில் 'ஃப்ரீக்' என்பவை அதன் உறவுகள். ப்ருயேர் இங்கிலாந்துக்குப் போனபோது, காதில் விழுந்த ஒலிக்கு அருகில் பழகிய சொல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. புதுச்சொல்லின் எழுத்தும் உச்சரிப்பும் அதையொட்டி மாறிவிட்டன. இப்படித்தான் பிறப்பில் ஒட்டுறவு இல்லாத இரண்டு சொற்கள் ஒரே முகத்தோடு நிற்கின்றன. பி-ஆர்-ஐ-ஈ-ஆர், பி-ஆர்-ஐ-ஏ-ஆர் என்று இரண்டு விதமாக எழுதுவதைப் பார்த்து, ஒன்று முள், ஒன்று பைப் என்று சிலர் பிரிப்பார்கள். அது சரியல்ல, இரண்டு பொருளுக்கும் இரண்டு எழுத்தும் புழக்கத்தில் உண்டு.

'பிராம்பிள்' என்பதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முக்கியமாக பிளாக்பெர்ரிப் புதர். பிரையரோடு சேர்த்துச் சொல்வார்களே தவிர, தனிச் சொல்.

தமிழாக்கும்போது நான் இப்போது செய்வது இதுதான்: வேலியிலோ தோட்டத்திலோ பிரையர் வந்தால் 'காட்டு ரோஜா', எந்தச் செடி என்று கதை சொல்லாவிட்டால் 'முட்புதர்'. பைப் என்று வந்தால் 'பிரையர் கட்டைப் புகைக்குழாய்' என்று விட்டுவிடுகிறேன். முள்ளை உள்ளே கொண்டுவருவதில்லை.