ஆயுள் தண்டனைக்கு எதிராக அப்பீல்: குடும்பத்தார் என்ன செய்யலாம்?

கேள்வி: கும்பகோணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2019-ல், தனியாக இருந்த என் அம்மாவைக் கொன்று, சங்கிலி வளையலைப் பறித்துக்கொண்டு, வீட்டுக்கும் தீ வைத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் தண்டனை. மூன்றாவது ஆள் விடுதலை. இப்போது அந்த இரண்டு பேரும் அப்பீல் போயிருக்கிறார்கள். வெளியே வந்துவிடுவார்களா? அம்மாவின் நகையும் இன்னும் கோர்ட்டில்தான் கிடக்கிறது.

பதில்: அப்பீல் போனதாலேயே தீர்ப்பு ஆட்டம் கண்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அது தண்டனை பெற்ற எவருக்கும் உள்ள உரிமை. உங்களுடையது தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நடக்கும். பக்கத்து மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் என்றால் சென்னை. வக்கீல் பார்க்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், வீண் அலைச்சல் மிச்சம்.

இப்போதைக்கு உங்கள் கவலை அப்பீலைவிட, அதோடு சேர்த்துப் போடும் ‘தண்டனை நிறுத்திவைப்பு’ மனுவாக இருக்க வேண்டும். அது அனுமதிக்கப்பட்டால் அப்பீல் முடியும்வரை ஜாமீனில் வெளியே இருக்கலாம். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். இந்த மாதிரி வழக்கில் அரசு வக்கீலுக்கு எதிர்ப்புச் சொல்ல வாய்ப்புத் தராமல் உத்தரவு போட முடியாது. பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அப்பீல் எண்ணைக் கண்டுபிடித்து, உங்கள் சார்பில் ஒரு வக்கீலை ஆஜராகச் சொல்லுங்கள். விடுதலைக்கு நியாயமான வாய்ப்பு மேலோட்டமாகப் பார்த்தாலே தெரிந்தால்தான் ஆயுள் தண்டனையை நிறுத்திவைக்கலாம் என்பது உச்ச நீதிமன்ற நிலைப்பாடு. ஆனால் விசாரணைக்கே வராமல் அப்பீல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதுவே அவர்களுக்குச் சாதகமாகலாம்.

அப்பீலில் பொதுவாகச் சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றுவதில்லை. இரண்டு நீதிபதிகள் பழைய சாட்சியத்தையே வரிவரியாகப் படிப்பார்கள். கண்ணால் கண்ட சாட்சி இல்லையென்றால், எல்லாம் சூழ்நிலைகளைக் கோத்துக் காட்டும் சந்தர்ப்ப சாட்சியம்தான். அந்தச் சாட்சியச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக்கூடாது என்று 1984-ல் சரத் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்ததை எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் எடுப்பார். போஸ்ட்மார்ட்டத்தில் மூச்சுக்குழாயில் கரி படிந்திருந்ததா என்று பார்ப்பார்கள். படிந்திருந்தால் தீ வைத்தபோது உயிர் இருந்திருக்கிறது; இல்லையென்றால் பெரும்பாலும் கொன்ற பிறகு தடயத்தை அழிக்க வைத்த தீ. இறந்த நேரத்தோடு, அவர்களை அந்தப் பக்கம் பார்த்ததாகச் சொன்ன சாட்சி பொருந்துகிறாரா என்பதும் இதில்தான் உரசிப் பார்க்கப்படும்.

அதைவிட முக்கியம் நகை. போலீசிடம் “நான்தான் கொன்றேன்” என்று சொன்னது செல்லாது; “இன்ன இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறேன்” என்று சொல்லி, அங்கே நகை கிடைத்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். நம் ஊரில் மஹஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதும் பதிவில், சாட்சியாகக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும்தான். அந்தச் சாட்சியம் குறுக்கு விசாரணையில் நின்றதா, சம்பவம் நடந்து எத்தனை நாளில் நகை கிடைத்தது, அது அம்மாவுடையதுதான் என்று நீங்கள் கோர்ட்டில் அடையாளம் காட்டினீர்களா? தீர்ப்பில் இந்த மூன்றையும் தேடிப் படியுங்கள். கைதான சில நாளில் கிடைத்த நகைக்கும், பல மாதம் கழித்து அடகுக்கடையில் கிடைத்ததற்கும் எடை வேறு.

சரி, மூன்றாவது ஆள்? அவருடைய விடுதலையை எதிர்த்து, மகள் என்ற முறையில் நீங்களே அப்பீல் போடலாம். இதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தாமதமாகியிருந்தால் காரணம் காட்டித் தாமத மன்னிப்பு மனுவும் வேண்டும், இனியும் தள்ளிப்போடாதீர்கள். தண்டனையைக் கூட்டக் கேட்டு மட்டும் நீங்கள் அப்பீல் போக முடியாது, அது அரசின் வேலை.

செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மதுரைக் கிளையில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு மனு எழுதுங்கள்.

நகையைத் திருப்பித்தரச் சொல்லித் தீர்ப்பில் உத்தரவு இருந்தாலும், அப்பீல் முடியும்வரை பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் கேட்கும்போது ஆஜர்படுத்துவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்து, போட்டோ எடுத்து வைத்துவிட்டு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஆதாரமாக அம்மா அதைப் போட்டிருக்கும் பழைய கல்யாண போட்டோவோ, கடை ரசீதோ இருந்தால் மனுவோடு வையுங்கள்.