ஐந்தடிக்குக் குறைவு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய கோல்ஃப் வீராங்கனை மியு யமாஷிடா பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். அவர் உயரம் 150 செ.மீ.தான் என்பதை நீங்கள் எங்குமே சொல்லவில்லை. ஐந்தடிகூட இல்லாத பெண் பிரிட்டிஷ் மகளிர் ஓப்பனை வென்றார் என்பதுதானே செய்தி? ‘மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது’ என்று தலைப்பே வைத்திருக்கலாம். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. உயரம் போதாது என்று கூடைப்பந்து அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவளுக்குக் காட்டலாம் என்றுதான் தேடினேன். இன்னொன்று, ஜப்பானியப் பெண்கள் திடீரென்று எப்படி இவ்வளவு வெல்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். அந்தப் பழமொழியில் வருகிற ‘ஆனாலும்’தான் எனக்குச் சிக்கல். பாவம், இவ்வளவு சின்னப் பெண் என்று தலையில் தட்டிக்கொடுக்கிற தொனி அது. யமாஷிடா 2022, 2023 இரண்டு ஆண்டும் ஜப்பான் பெண்கள் டூரின் (ஆண்டு முழுக்க நடக்கும் தொழில்முறைப் போட்டித் தொடர்) முதலிடத்தில் இருந்தவர். 2022இல் வயது 21. அவ்வளவு இளம் வயதில் அந்த இடத்துக்கு வேறு யாரும் வந்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு மேஜரை, அதாவது கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றை, வெல்வதில் அதிசயம் என்ன?

உயரம் குறைந்தால் பந்து போகும் தூரம் குறையும், மறுக்கவில்லை. மற்றவர்கள் குட்டையான இரும்பு மட்டையால் கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) அடிக்கும் இடத்தில் இவர் நீள மட்டையை எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் இந்த ஆட்டத்தில் எண்ணுவது எத்தனை அடி அடித்தோம் என்பதைத்தான். ஓங்கி 220 மீட்டர் அடித்ததும் ஒரு அடி, குழியிலிருந்து அரை மீட்டர் தள்ளி நின்ற பந்தை உள்ளே தட்டியதும் ஒரு அடி. இவர் சம்பாதிப்பது அந்த இரண்டாவது வகையில்.

2025 ஆகஸ்ட், பிரிட்டிஷ் ஓப்பன் நடந்த வேல்ஸின் ராயல் போர்த்கால். கடலோர மைதானம், காற்று. முதல் இரண்டு நாள் 68, 65 அடிகள் (எண் குறைந்தால்தான் நல்லது). மூன்று அடி முன்னிலை. சனிக்கிழமை அவருடைய 24ஆவது பிறந்தநாள். அன்று 74. முன்னிலை ஒன்றாகச் சுருங்கியது. பயிற்சியாளர் வேறு யாருமில்லை, அப்பா. ஆட்டம் சரியில்லை என்று அவர் கோபித்துக்கொண்டதை மகளே பிறகு சொன்னார். (பிறந்தநாளன்று அப்பாவிடம் திட்டு வாங்காதவர் யார்?) ஞாயிறு, இங்கிலாந்தின் சார்லி ஹல் ஒரே அடி இடைவெளிக்கு நெருங்கி வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இப்படி ஒரு கடைசி நாளில்தான் யமாஷிடா 16ஆவது குழியில் பந்தைத் தண்ணீருக்குள் அடித்து, ஒரே அடியில் பதக்கத்தை விட்டிருந்தார். இந்த முறை விடவில்லை. 70 அடித்து இரண்டு அடி வித்தியாசத்தில் கோப்பையை எடுத்தார்.

‘திடீரென்று’ என்கிறீர்கள். 1977இல் ஹிசாகோ ஹிகுச்சி ஒரு மேஜரை வென்றார். அடுத்த ஜப்பானியர் வர 42 ஆண்டு ஆனது: 2019இல் ஹினாகோ ஷிபுனோ. பிறகு 2024இல் யூகா சாசோ, அயாகா ஃபுருவே. 2025இல் மாவோ சைகோ, யமாஷிடா. (சாசோ 2021இலும் வென்றார், ஆனால் அப்போது பிலிப்பைன்ஸுக்காக ஆடினார். அதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று நாள் முழுக்கச் சண்டை போடலாம்.)

நடுவில் ஒன்று நடந்தது. 2003இல் ஒகினாவாவைச் சேர்ந்த ஐ மியாசாடோ பள்ளி மாணவியாகவே ஒரு தொழில்முறைப் போட்டியை வென்றார். 2010இல் உலகின் முதலிடம். அவரைத் தொலைக்காட்சியில் பார்த்து மட்டை கேட்ட குழந்தைகளின் தலைமுறைதான் இது. அவர்களுக்கு உள்ளூரிலேயே ஆண்டுக்கு ஏறக்குறைய 37 போட்டிகள் இருக்கின்றன. அதற்குள் நுழைவதற்கான தொழில்முறைத் தேர்வில் ஆண்டுக்கு இருபது பேர் சுமாராகத் தேறுகிறார்கள். ஷிபுனோவே முதல் முறை தோற்றவர். வெளிநாட்டுக்குப் போகும் முன்பே வாரம்தோறும் அடிபட்டுப் பழகிவிடுகிறார்கள்.

உங்கள் மகளிடம் பொய் சொல்லாதீர்கள். கூடைப்பந்தில் உயரம் கணக்கில் வரும். ஆனால் அவளை நீக்கியதற்குக் காரணம் உயரம் மட்டும்தானா என்று ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். யமாஷிடாவைக் காட்டுவதென்றால் கோப்பையோடு நிற்கும் படம் வேண்டாம், அந்தச் சனிக்கிழமை 74ஐக் காட்டுங்கள்.